பபிள்ஸ் பிறந்தநாளுக்கு என்ன செய்து குடுக்கலாம்? உப்புவெளி அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, என்ட மகளுக்கு வாற மாசம் நாலு வயசு முடியுது. பபிள்ஸ் எண்டா அவளுக்கு உயிர், குளிக்க விட்டாலும் நுரையை விட்டு வெளியில வரமாட்டாள். பிறந்தநாளுக்கு பபிள்ஸ் மாதிரி சாப்பாடு செய்வம் அம்மா எண்டு ஒரே பிடிவாதம், அதுவும் தானும் சேர்ந்து செய்யணுமாம். நெட்ல தேடினா மார்ஷ்மலோ, முழுத் திராட்சை, கடிச்சா சாறு தெறிக்கிற பொப்பிங் போபா எண்டு எங்களுக்கு கிடைக்காததும் விலை கூடினதும்தான் வருது. மாமி வேற "உருண்டை உருண்டையா குடுத்து பிள்ளையளுக்கு தொண்டையில அடைச்சிட்டா என்ன செய்வாய்" எண்டு பயப்படுத்திறா. வாறது மூத்தவன் (ஏழு வயசு), அவளின்ட பாலர் பாடசாலை கூட்டாளிமார், பக்கத்து வீட்டு ஒண்டரை வயசு குட்டியும். முஸ்லிம் பிள்ளையளும் வருவினம், மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாத வீட்டுப் பிள்ளையளும் வருவினம். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புத் தங்கச்சி,

மாமி சொல்றதுல சரியான நியாயம் இருக்கு, அதால அதை முதல்ல கதைச்சிட்டு பிறகு குசினிக்கு போவம். சின்னப் பிள்ளையின்ட மூச்சுக்குழாய் கிட்டத்தட்ட ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரோ அளவுதான் அகலம். பின்னுக்கு இருக்கிற கடைவாய்ப்பல்லும் ரெண்டு மூண்டு வயசுக்குள்ளதான் முழுசா வரும், வந்தாப் பிறகும் வடிவா அரைச்சு விழுங்கப் பழக கொஞ்சக் காலம் எடுக்கும். இந்த நிலைமையில உருண்டையா, வழுக்கலா, அமத்தினா நெளியிற மாதிரி ஒரு சாமான் உள்ளுக்க போனா அது மூச்சுக்குழாயை மூடி போட்ட மாதிரி அடைச்சிடும். முழுத் திராட்சை, மார்ஷ்மலோ, பொப்கோர்ன், கச்சான் கொட்டை, கல்லு டொபி, இதெல்லாம் நாலு வயசுக்கு கீழ வேண்டாம் எண்டு நாங்க சொல்றது இதுக்குத்தான். கொன்யாக் எண்டு ஒரு கிழங்கு மாவில செய்து சின்னக் கப்ல வாற ஜெலியை உறிஞ்சி பிள்ளையள் செத்துப்போய், ஐரோப்பிய ஒன்றியம் 2003ல அந்த ஜெலிக்கப்ல கொன்யாக் போடுறதையே தடை செய்தது. பபிள் டீ உருண்டையள் ஸ்ட்ரோவால உறிஞ்சேக்க நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம் எண்டு ஜெர்மனியிலயும் 2012ல எச்சரிக்கை விட்டவை. ஸ்ட்ரோவால இழுக்கேக்க மெல்லுற வேலையே இல்ல, சாமான் நேரா தொண்டைக்குத்தான் போகுது.

அதுக்காக மகளின்ட ஆசையை விடத் தேவையில்ல. ஒண்டை யோசிச்சுப் பாருங்க, பிள்ளைக்கு பபிள்ஸ்ல என்ன பிடிச்சிருக்கு? ஒண்டுமில்லாத இடத்தில ஒரு குமிழி வருது, பெருக்குது, மினுங்குது, டப்பெண்டு உடையுது, அதுதான். நெட்ல இருக்கிறவை அதை விட்டிட்டு உருண்டையா இருக்கிறதெல்லாத்தையும் பபிள் எண்டு பேர் வைச்சு கோப்பையில அடுக்கினம். எங்கட சமையல்ல உண்மையான குமிழி எத்தினை வருது! அதை பிள்ளைக்கு கிட்ட வைச்சு காட்டுறதுதான் உங்கட வேலை.

முதலாவது அப்பம். இதை விட நல்ல பபிள் சாப்பாடு உலகத்தில இருக்கோ தெரியாது எனக்கு. காலமை பதினொரு மணி போல மகளையும் மகனையும் மேசையில இருத்துங்க, ஒரு கிளாஸ்ல கை வைச்சா இளஞ்சூடா இருக்கிற தண்ணி கால்வாசி எடுத்து அதில ஒரு மேசைக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் மகளையே போடச் சொல்லுங்க. தண்ணி கொதிக்கக் கூடாது, கொதி தண்ணியில ஈஸ்ட் செத்துப்போகும், பிறகு ஒரு குமிழியும் வராது. பத்து நிமிசம் பொறுத்தா மேல மண்ணிற நுரை கட்டும். ஈஸ்ட் உயிருள்ள சாமான், சீனியைச் சாப்பிட்டிட்டு காத்தை விடுது எண்டு மகனுக்கு சொல்லிக்குடுங்க, ஏழு வயசுக்கு அது விளங்கும், நாலு வயசுக்கு "ஈஸ்ட் ஏவறை விடுது" எண்டு சொன்னா போதும், நாள் முழுக்க சிரிப்பாள். பிறகு ரெண்டு கப் வறுக்காத பச்சரிசி மாவில அதை ஊத்தி இன்னும் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு தடிப்பான பதத்துக்கு குழைச்சு, அதில கொஞ்சத்தை எடுத்து ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள்ள பாதிக்கும் குறைவா ஊத்தி, மா நிக்கிற மட்டத்தில ரப்பர் பாண்ட் ஒண்டு போட்டு விடுங்க. மிச்சத்தை பெரிய சட்டியில மூடி வையுங்க. எங்கட திருகோணமலை வெக்கைக்கு மூண்டு நாலு மணித்தியாலத்திலயே பொங்கிடும், அதுவும் கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசமெண்டா இன்னும் கெதியா, அதால சட்டி பெருசா இருக்கட்டும். பிள்ளையள் அரை மணிக்கு ஒருக்கா ஓடி வந்து ரப்பர் பாண்டுக்கு மேல எவ்வளவு ஏறியிருக்கு எண்டு பாப்பினம், கண்ணாடிக்குப் பக்கத்தில ஒவ்வொரு குமிழியா பெருத்து பக்கத்துக் குமிழியோட ஒட்டுறது வடிவா தெரியும்.

சுடுறதுக்கு முதல்தான் உப்பும் தடிப்பான தேங்காய்ப்பாலும் விடுறது. அடுப்புக்கு கிட்ட பிள்ளையள் வேண்டாம், ரெண்டு எட்டு தள்ளி கதிரையில இருத்திட்டு நீங்க அப்பச்சட்டியில ஊத்தி சுத்துங்க, மூடியை உடன போடாதீங்க. சுத்தின கையோட ஓரம் மெல்லிசா ஒட்டும், நடுவில நிக்கிற மாவில முதல் ஒரு குமிழி எழும்பும், பிறகு அங்கொண்டு இங்கொண்டா எழும்பி எல்லாம் ஒண்டாக் கொதிச்சு உடைஞ்சு ஒவ்வொண்டும் ஒரு ஓட்டையை விட்டிட்டுப் போகும். அந்த அரை நிமிசத்துக்குத்தான் மூடியைத் திறந்து வைக்கச் சொன்னன். பிறகு மூடி அவிச்சு எடுத்து குடுத்தா பிள்ளையள் அப்பத்தை வெளிச்சத்துக்கு தூக்கிப் பிடிச்சு ஓட்டைக்குள்ளால பாக்கட்டும், எத்தினை பபிள் உடைஞ்சிருக்கு எண்டு எண்ணட்டும். பால் விட்டு பாலப்பமா சுட்டா நடுப்பகுதி மெத்தெண்டு இருக்கும், பக்கத்து வீட்டு ஒண்டரை வயசுக்காரனுக்கும் அதை சின்னச் சின்னதா பிச்சுக் குடுக்கலாம், மொறுமொறு ஓரம் மட்டும் அவனுக்கு வேண்டாம்.

ரெண்டாவது நெட்ல வருது எண்டு நீங்க எழுதின அந்த பொப்பிங் போபா மாதிரியான முத்து. கடையில வாறதுக்கு அல்ஜினேட் எண்டு கடற்பாசியில இருந்து எடுக்கிற ஒரு தூளும் கல்சியம் கரைச்ச தண்ணியும் வேணும், அதைத் தேடி கொழும்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்ல, அகர் அகர் போதும், எங்கட கடைகள்ல கடற்பாசி எண்டு கேட்டாலே தருவினம். நோன்பு காலத்தில முஸ்லிம் வீடுகள்ல செய்யிற அதே சாமான்தான். ஜெலட்டின் பக்கம் போகாதீங்க. அது மாட்டுத் தோல், எலும்பு, பண்டியில இருந்து வாறது, வாற பிள்ளையள்ல முஸ்லிம் பிள்ளையளும் மச்சம் சாப்பிடாத பிள்ளையளும் இருக்கினம் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க, அகர் கடற்பாசியில இருந்து வாறது, அதால ஒருத்தருக்கும் தனியா வேற செய்யத் தேவையில்ல, எல்லாரும் ஒரே கிண்ணத்தில சாப்பிடலாம். இன்னொரு காரணமும் இருக்கு. ஜெலட்டின் 35 பாகை அளவிலயே உருகிடும், எங்கட வெயிலில மேசையில வைச்சா கேக் வெட்டுறதுக்கு முதல் தண்ணியாயிடும். அகர் அப்பிடியில்ல, 40 பாகைக்கு கிட்ட இறுகினா பிறகு 85 பாகை வரைக்கும் சூடாக்கினாத்தான் திரும்ப உருகும். அவிக்காத அன்னாசி, பப்பாசி போட்டா ஜெலட்டின் இறுகவே இறுகாது, அந்தப் பழங்கள்ல இருக்கிற நொதியம் அதை வெட்டிப்போடும், அகருக்கு அந்தப் பிரச்சினையும் இல்ல.

செய்யிற விதம் இதுதான். உயரமான கிளாஸ் ஒண்டில சூரியகாந்தி எண்ணெய் இல்லாட்டி சோயா எண்ணெய் நிரப்பி பிரிட்ஜ்ல ஐஸ் வைக்கிற தட்டில முக்கால் மணித்தியாலம் வையுங்க. தேங்காய் எண்ணெய் கட்டாயம் வேண்டாம், அது பிரிட்ஜ்ல கட்டியாயிடும், முத்து மேலயே நிண்டிடும். அரைக் கப் சாறுக்கு ஒரு தேக்கரண்டி அகர் தூள் கணக்கு. தோடம்பழச் சாறு, பீட்ரூட் கொஞ்சம் சேர்த்த தர்ப்பூசணிச் சாறு, மாம்பழத்தை வடிச்ச சாறு எல்லாம் நல்லா வரும். சரியான புளிச் சாறெண்டா அகரை சாறோட கொதிக்க வைக்காதீங்க, புளி அகரின்ட இறுக்கத்தைக் குறைக்கும், கொஞ்சத் தண்ணியில அகரை ரெண்டு நிமிசம் கொதிக்க விட்டு கரைச்சிட்டு பிறகு சாறை கலவுங்க. இறுகத் தொடங்க முதல், கை தாங்கிற சூடு வரைக்கும் ஆற விட்டு, மருந்து குடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சில இழுத்து குளிர்ந்த எண்ணெய்க்குள்ள சொட்டுச் சொட்டா விடுறது. இந்த வேலையை முழுக்க மகளுக்கு விட்டிடுங்க. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாத படியா ஒவ்வொரு சொட்டும் தானா உருண்டையாகி மெதுவா கீழ இறங்கும், இறங்கிற வழியிலயே இறுகிடும். ஆறிப்போய் கட்டிச்சிதெண்டா கொஞ்சச் சூடு காணாது, திரும்ப சட்டியில போட்டு நீங்க கொதிக்க வைச்சு கரைச்சாத்தான் சரி. வடிச்சு ரெண்டு தரம் குளிர் தண்ணியில அலசினா எண்ணெய் போயிடும். முத்து பச்சைப்பயறு அளவைவிட பெருசாக வேண்டாம், பெருசா விட்டதுகளை கரண்டியால அமத்தி உடைச்சு விடுங்க. தயிருக்கு மேல தூவிக் குடுங்க, கரண்டியால சாப்பிடட்டும், எங்கட கிண்ணியா தயிர் இதுக்கெண்டே செய்த மாதிரி இருக்கும். ஒண்டரை வயசுக்காரனுக்கு வெறும் தயிரும் மசிச்ச வாழைப்பழமும் காணும்.

சவ்வரிசியும் செய்யலாம், ஆனா நடுவில வெள்ளைப் புள்ளி இல்லாம கண்ணாடி மாதிரி வெந்திருக்க வேணும், தேங்காய்ப்பால் விட்டு இளக்கமா வையுங்க, ஆறினா இறுகி ஒண்டோடொண்டு கட்டிடும். அதையும் கரண்டியால. பபிள் டீ எண்டு சொல்லி தேத்தண்ணியில மட்டும் போட்டுக் குடுக்காதீங்க. எங்கட வீடுகள்ல ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் பிளேன்டீ குடுக்கிற பழக்கம் இருக்கு, எனக்கு அது பெரிய கவலை, சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதை தேத்தண்ணி குறைக்குது, வளர்ற பிள்ளைக்கு அந்த இரும்பு வேணும். மாம்பழமும் பாலும் அடிச்சு சவ்வரிசி போட்டா அது போதும்.

நுரைக்கு ஆத்தின பால் இருக்கே. ஏலக்காய் போட்டுக் காய்ச்சி இளஞ்சூடா ஆற விட்டு ரெண்டு பேணியால உயரத்தில இருந்து ஆத்துங்க, தேத்தண்ணிக் கடை ஐயா ஆத்திற மாதிரி, பிள்ளையள் வாயைத் திறந்துகொண்டு நிப்பினம். பாலில இருக்கிற புரதம்தான் அந்த நுரையைப் பிடிச்சு வைக்குது, அதுதான் வெறும் தண்ணியை ஆத்தினா நுரை உடன போயிடுது. மீசை வைச்சு போட்டோவும் எடுக்கலாம். சீனி கொஞ்சமாப் போடுங்க, அண்டைக்கு கேக்கும் இருக்கு.

சோடா கட்டாயம் கேப்பினம். போத்தல்ல இருக்கிற நிறப் புள்ளியைப் பாருங்க, 2016ல இருந்து எங்கட நாட்டில குளிர்பானத்துக்கு சீனி அளவை நிறத்தால காட்ட வேணும் எண்டு சட்டம், அந்த 2016 சட்டப்படி சிவப்பெண்டா 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல சீனி. நான் சொல்றது, இனிப்பில்லாத வெறும் சோடா ஒரு போத்தல் வாங்கி குடிக்காம பாக்கிறதுக்கு வையுங்க. உயரமான கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தி நாலைஞ்சு பிளம்ஸ் (காய்ஞ்ச திராட்சை) போடுங்க. கீழ போன பிளம்ஸின்ட சுருக்கத்தில குமிழி ஒட்டிக்கொண்டு மேல தூக்கி வரும், மேல வந்ததும் குமிழி உடைய திரும்பக் கீழ விழும், திரும்ப மேல வரும், கொஞ்ச நேரத்துக்கு நடனம்தான். முடிஞ்சதும் அந்த பிளம்ஸை எடுத்து வைச்சிடுங்க, இல்லாட்டி பக்கத்து வீட்டுச் சின்னவன் எடுத்து வாயில போடுவான்.

பூரி, அப்பளம் ரெண்டும் பொரிக்கேக்க பிள்ளையளை தூரத்தில வைச்சுத்தான் காட்டலாம். மா உருட்டி வட்டமாக்கிறது மட்டும் அவையளின்ட வேலை, எண்ணெய்த் தாச்சிக்கு பக்கத்தில பிள்ளை நிக்கவே கூடாது. மாவுக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல பெருக்கிறதாலதான் பூரி ஊதுது. ஊதின பூரியை ஊசியாலயோ கத்தியாலயோ நீங்க உடைச்சு ஆவியை விட்டிட்டு கையில குடுங்க, அந்த ஆவி சுடும். அப்பளம் ஆளுக்கு ஒண்டு போதும், உப்பும் சோடாவும் கூட.

பழம் எண்டா தர்ப்பூசணி, வட்டக் கரண்டியோ அளவுக் கரண்டியோ எடுத்து பாதி உருண்டையா தோண்டி, தட்டைப் பக்கம் கீழ இருக்க கோப்பையில வைச்சா கண்ணாடியில ஒட்டின பபிள் மாதிரியே இருக்கும், விதையை எடுத்துவிடுங்க. பப்பாசியை போத்தல் மூடியால வட்ட வட்டமா வெட்டலாம், அது சின்னவளின்ட வேலை. திராட்சை வாங்கினா நீளவாக்கில நாலாப் பிளக்க வேணும், குறுக்கால ரெண்டாக்கினா காணாது, அது இன்னும் வட்டம்தான். நுங்குக் காலமெண்டா நுங்கும் நல்லது, ஆனா அது பயங்கர வழுக்கல், சின்னதா நறுக்கினாத்தான்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒண்டு. பிறந்தநாளில உண்மையான சவர்க்கார பபிள்ஸும் விடுவீங்கதானே, அதையும் சாப்பாட்டையும் ஒரே மேசைக்கு கொண்டுவராதீங்க. "இண்டைக்கு பபிள் சாப்பிடுற நாள்" எண்டு காலமையில இருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறம், அதே நேரம் சவர்க்காரத் தண்ணிப் போத்தலும் கையில குடுக்கிறம், மூண்டு வயசுப் பிள்ளை அதைக் குடிச்சுப் பாத்தா அதில பிள்ளையின்ட பிழை ஒண்டுமில்ல. அதால பபிள்ஸ் தண்ணியை தேத்தண்ணிக் கப்பிலயோ ஜூஸ் போத்தல்லயோ ஊத்தாதீங்க, நீல நிற ஜூஸ், நீல ஜெலி எண்டு அந்தத் தண்ணி மாதிரி ஒண்டும் செய்யாதீங்க. விளையாட்டு முதல், வெளி முற்றத்தில. முடிஞ்சதும் போத்தல் எல்லாத்தையும் சேர்த்து உயரத்தில வைச்சிட்டு, சவர்க்காரம் போட்டு கை கழுவச் சொல்லுங்க, அதிலயும் நுரை வரும், அதையும் ஒரு விளையாட்டாக்கலாம். அதுக்குப் பிறகுதான் சாப்பாடு, எல்லாரும் பாயில இருந்து. ஓடிக்கொண்டு, சிரிச்சுக்கொண்டு, பாட்டுக்கு ஆடிக்கொண்டு வாயில ஒண்டும் போகக் கூடாது. பலூன் கட்டினா உடைஞ்ச துண்டுகளை உடன பொறுக்குங்க, அது திராட்சையை விட மோசமா அடைக்கும்.

அடைச்சிட்டா என்ன செய்யிறது எண்டும் வீட்டில ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்க வேணும். பிள்ளை சத்தமா இருமுதெண்டா இரும விடுங்க, வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவாதீங்க, உள்ளுக்க தள்ளிவிடும். சத்தம் வரேல்ல, மூச்சு எடுக்க முடியேல்ல எண்டா ஒராள் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும், மற்ற ஆள் பிள்ளையை முன்னுக்கு குனிய வைச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில உள்ளங்கையின்ட அடிப்பக்கத்தால அஞ்சு தரம் பலமா தட்டுறது. அப்பவும் வரேல்லையெண்டா, ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு பின்னால நிண்டு தொப்புளுக்கு மேல பொத்தின கையை வைச்சு உள்ளுக்கும் மேலுக்குமா அஞ்சு தரம் அமத்துறது, மாறி மாறி. ஒரு வயசுக்கு கீழ வயித்தை அமத்தக் கூடாது, நெஞ்சைத்தான். வாசிச்சு விளங்கிறதை விட பாத்துப் பழகிறது நல்லம், உங்கட குடும்பநல மாதுவைக் கேளுங்க, செய்து காட்டச் சொல்லுங்க. மாமியையும் கூட்டிக்கொண்டு போங்க, பழகினா அவவின்ட பயமும் குறையும்.

வேலையை இப்பிடிப் பிரியுங்க. முத்தை முதல் நாள் பின்னேரமே செய்து தண்ணியோட மூடி பிரிட்ஜ்ல வைக்கலாம். அப்ப மா கரைக்கிறது அண்டைக்கு பதினொரு மணிக்கு, பழம் விருந்துக்கு ஒரு மணித்தியாலம் முதல், பால் எல்லாரும் இருந்த பிறகு. பிள்ளை ஒரே நாளில எல்லாத்திலயும் கை வைச்சா களைச்சு அழும், அதால ஈஸ்ட் கரைக்கிறது, சொட்டு விடுறது, பப்பாசி வெட்டுறது இந்த மூண்டையும் அவளுக்கு விட்டிட்டு மிச்சத்தை நீங்களும் மகனும் பாருங்க. மற்ற அம்மாமாருக்கு இண்டைக்கே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு, பால், முட்டை, கச்சான், வேற ஏதாவது ஒவ்வாத பிள்ளை இருக்கோ எண்டு கேளுங்க. பால் ஒவ்வாத பிள்ளை இருந்தா தயிருக்குப் பதிலா தடிப்பான தேங்காய்ப்பாலில முத்தைப் போட்டுக் குடுங்க. அதையும் சும்மா குடுத்திடாதீங்க, தேங்காய் ஒத்துக்கொள்ளுமோ எண்டு அந்தப் பிள்ளையின்ட அம்மாவிட்ட ஒருக்கா கேட்டிட்டு குடுங்க.